மலைச்சாரல் மூலிகைகளும் அரபி எழுத்தும்

பேச்சிப்பாறைக்குச் செல்பவர்கள் இன்று காண்பது அணையும் ரப்பர்த் தோட்டங்களும்தாம். கோதையாற்றின் குறுக்கே எழுந்த அந்த அணை, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது. ரப்பரோ தென்னமெரிக்காவிலிருந்து வந்து இம்மலைகளில் குடியேறிய மரம். இவையிரண்டும் வருவதற்கு முன் இந்த மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் என்னென்ன விளைந்தன? நிழற்படக் கருவி பிறப்பதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை சொல்லும் படங்கள் அச்சாகிவிட்டன.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ என்னும் இலத்தீன் நூலைத்தான் குறிப்பிடுகிறோம். ‘மலபார்த் தோட்டம்’ என்பது அதன் பொருள். கோவா முதல் கன்னியாகுமரி வரை நீண்ட மேற்குக் கரையையே அக்காலத்தில் மலபார் என்றனர். எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடிகளும் மரங்களும் அதில் செப்புத் தகட்டுப் படங்களாக இடம்பெற்றுள்ளன. இலை, பூ, காய், காயின் குறுக்குவெட்டு, விதை என ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைந்திருக்கிறார்கள்.

நூலை உருவாக்கியவர் கொச்சியிலிருந்த டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு. நிறுவனத்தின் நோக்கம் வணிகமே என்பதை நாம் மறக்கலாகாது. மிளகுக்காக வந்து காலூன்றிய அந்நிறுவனம் 1741இல் நம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. எனினும் நூலின் உள்ளே இருக்கும் அறிவு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்ததன்று. சேர்த்தலையைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி அறிஞர்களும் கொடுத்த அறிவு அது. இட்டி அச்சுதன் 1675இல் தம் கையால் எழுதிக் கொடுத்த சான்றுரை, முதல் தொகுதியில் அவருடைய எழுத்திலேயே பதிக்கப்பட்டுள்ளது. அவர்கள் மலையாளத்தில் சொன்னது போர்த்துகீசிய மொழி வழியாக இலத்தீனுக்குச் சென்றது.

முஸ்லிம் வாசகர்களாகிய நம் கண்ணை இப்படங்களில் முதலில் ஈர்ப்பது வேறொன்று. படங்களில் இலத்தீன், மலையாளம், நாகரி எழுத்துகளோடு அரபி எழுத்திலும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளை எவரும் அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்கலாம். முன்னூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இக்கரையின் மருந்து, வணிகம், கல்வி ஆகியவற்றில் அரபி எழுத்து அன்றாடப் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ? தேங்காப்பட்டணம் என்று தன் பெயரிலேயே தேங்காயைச் சுமக்கும் கடற்கரை நம்முடையது. அந்நூலின் முதல் படமும் தென்னைதான்.

செடிகளைப் படமாக வரைந்து மருந்து கற்பிக்கும் மரபும் நமக்குப் புதிதன்று. கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூல் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அரபியாக்கம் பெற்றது. அதன் படங்கள் நிறைந்த பிரதி ஒன்றை ஹிஜ்ரி 621இல், அதாவது 1224இல், அப்துல்லாஹ் இப்னுல் ஃபள்ல் எழுதி முடித்தார். காலப்போக்கில் அதன் ஏடுகள் பிரிக்கப்பட்டு, சில நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை சென்றுவிட்டன. உயிருள்ளவற்றை வரைவது குறித்து வினவிய ஓவியருக்கு, மரங்களை வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் படைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையோடுதான் நம் முன்னோர் இலைகளை உற்றுநோக்கினர்.

பழைய படம் என்றாலே சுவரில் மாட்டும் அழகுப் பொருள் என்று இன்று எண்ணிவிடுகிறோம். இந்தப் படங்களின் பயன் அதற்கு மேற்பட்டது. ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் உலகச் செடிகளுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது, நம் பகுதிச் செடிகள் பலவற்றுக்கு இந்நூலையே ஆதாரமாகக் கொண்டார். அவற்றுள் சிலவற்றுக்கு இன்றும் இப்படங்களே மூலச் சான்று. வரலாற்றையும் அவை திருத்துகின்றன. நம் பக்கத்தில் கொல்லா மரம் எனப்படும் முந்திரியும் பப்பாளியும் அதில் உள்ளன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ரப்பருக்கு வெகு முன்பே இம்மண் புதிய வரவுகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று அதனால் அறிகிறோம்.

இத்தனை செல்வமும் நம் மக்களுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. இலத்தீன் அறிந்தோர் சிலரே. தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கென ஒதுக்கி, செடிகளைத் தேடி அடையாளம் கண்டு, நூலை மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அதை வெளியிட்டது. மூலப் படங்கள் இப்போது இணையத்திலும் காணக் கிடைக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமில் அச்சான நூல் பிழைத்தது; நம் வீட்டுப் பரண்களில் இருப்பவை பிழைக்குமா? அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகளும் கையேடுகளும் வைத்தியக் குறிப்புகளும் நம் குடும்பங்கள் பலவற்றில் இருந்தன. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் மறைந்ததும், ‘ஏதோ ஓதுகிற தாள்’ என்று மூட்டை கட்டப்பட்டவையும், மரியாதை கருதி மண்ணில் புதைக்கப்பட்டவையும், கரையானுக்கு இரையானவையும் கொஞ்சமல்ல. இட்டி அச்சுதனின் கையெழுத்தை அயலார் காத்தனர். நம் பாட்டிமாரின் கையெழுத்தைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே, பரணிலுள்ள பழைய தாள்களை அப்புறப்படுத்தும் முன் அவற்றைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்போம். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஆலிம்களையோ பெரியவர்களையோ அணுகிப் படிக்கச் செய்வோம். அடுத்த முறை பிள்ளைகளுடன் பேச்சிப்பாறைக்குச் செல்லும்போது, அணையைக் காட்டுவதோடு நில்லாமல், வழியோரச் செடிகளின் பெயர்களையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். அல்லாஹ் நம் முயற்சிகளுக்குத் துணை நிற்பானாக.