கடிஞ்சூலும் காவலும்

முதன்முறையாகப் பெண்ணொருத்தி தாங்கும் கருவைக் கடிஞ்சூல் என்று வழங்குவது தமிழ் மரபு. கடி என்னும் உரிச்சொல்லுக்குப் புதுமை, அச்சம், காவல் எனப் பல பொருள்களை இலக்கண நூலார் கூறுவர். இம்மூன்றும் தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண்ணின் நிலைக்கு எவ்வளவு பொருந்துகின்றன! நிலை புதிது, ஆதலால் அச்சம், அச்சமுள்ள இடத்திலே காவல் வேண்டும். அந்தக் காவலைத் தர முன்வருவோர்க்கு எக்காலத்திலும் குறைவிருந்ததில்லை. தாயார் ஒன்று சொல்வார். மாமியார் வேறொன்று சொல்வார். அயல்வீட்டு ஆச்சி இரண்டையும் மறுத்து மூன்றாவதொன்றைச் சொல்வார். இவ்வறிவுரைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு, நேயர்களே. அவற்றுள் உயிரைக் காத்தவை சில. அறியாமையால் உயிரைக் கவர்ந்தவையும் சில.

கி. பி. 2 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் வைத்தியம் செய்த சொரானுஸ் என்னும் கிரேக்கர், பெண்களின் நோய்களையும் மகப்பேற்றையும் பற்றி விரிவான நூலொன்று எழுதினார். நல்ல மருத்துவிச்சிக்கு அவர் வகுத்த இலக்கணம் இன்றும் படிக்கத் தக்கது. அவள் எழுத்தறிவுடையவளாயிருத்தல் வேண்டும். நகங்களைக் குறுகக் கத்தரித்திருத்தல் வேண்டும். கனவையும் சகுனத்தையும் நம்பிச் செய்யவேண்டிய சிகிச்சையைக் கைவிடுபவளாய் இருத்தலாகாது. இத்துணைத் தெளிவுடைய அப்பெரியார் தாய்ப்பால் விஷயத்திலே தவறிவிட்டார். பிரசவித்த முதல் நாட்களில் சுரக்கும் பால் கெட்டது, குழந்தைக்குத் தேனைக் கொடுங்கள் என்றார். பிறந்தவுடனே தாயின் முலையைக் கொடுக்கலாம் என்று கூறிய தமஸ்தேஸ் என்பவரைக் கண்டித்தும் எழுதினார். சரியாகச் சொன்ன தமஸ்தேஸின் கருத்தை, அவரைக் கண்டித்தவரின் ஏடும் நமக்குக் காத்துத் தந்திருக்கின்றது!

மஞ்சள் நிறமான அந்தச் சீம்பாலைப் பீய்ச்சி எறியும் வழக்கம் நம்மவரிடையேயும் நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பாவில் இதற்கெதிராக உரத்த குரல் எழுப்பியவர்களுள் வில்லியம் கடோகன் என்னும் ஆங்கில வைத்தியர் ஒருவர். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த லண்டன் விடுதியின் ஆளுநர்களுக்கு அவர் எழுதிய கட்டுரை 1748 இல் வெளிவந்தது. தாயே பாலூட்டுக, குழந்தையைத் துணியால் இறுக்கிச் சுற்றாதீர் என்று அவர் வற்புறுத்தினார். ஆனால் இரவிலே பாலூட்டலாகாது என்றும் அவரே சொன்னார். நடுநிசியில் பசித்தழும் சிசுவை அவர் எங்ஙனம் சமாதானப்படுத்தினாரோ, நாமறியோம்!

இனி, பிரசவ அறையின் பெருங்கொலைஞனாகிய பிரசவச் சுரத்துக்கு வருவோம். வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலே பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதற் பகுதியில் வைத்திய மாணவரும், இரண்டாம் பகுதியில் மருத்துவிச்சியரும் பயின்றனர். 1846 ஆம் ஆண்டில் முதற் பகுதியிற் பிள்ளை பெற்ற நூறு பெண்களுள் 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பகுதியிலோ மூவருக்கும் குறைவு. ஊர்ப்பெண்கள் இதனை அறிந்திருந்தார்கள். முதற் பகுதிக்கு அனுப்பாதீர்கள் என்று முழந்தாளிட்டு மன்றாடினார்கள். வழியிலே தெருவிற் பெற்றுவிட்டு வந்தவர்கள்கூட அங்கே பெற்றவர்களைவிடப் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். படித்தவர் கையில் சாவும் தெருப்புழுதியில் வாழ்வுமாக இருந்த இப்புதிர், செம்மெல்வைஸ் என்னும் இளம் வைத்தியரின் உறக்கத்தைக் கெடுத்தது.

1847 இல் அவருடைய நண்பர் கொலெச்கா பிரேத பரிசோதனையின்போது விரலிற் கத்தி பட்டு இறந்தார். அவருடலிற் கண்ட மாற்றங்கள் பிரசவச் சுரத்தால் இறந்த பெண்களின் உடலிற் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிணத்தை அறுத்த கையோடு மாணவர் பிரசவ அறைக்குள் நுழைவதே காரணமென்று செம்மெல்வைஸ் உணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகளைக் கழுவாமல் எவரும் உள்ளே வரலாகாது என அவ்வாண்டு மே மாதத்தில் கட்டளையிட்டார். 1848 இல் முதற் பகுதியின் மரணம் நூற்றுக்கு 1.27 ஆக இறங்கியது. அவருக்குக் கிடைத்த பரிசு ஏளனம். 1865 இல் மனநோயாளர் விடுதியொன்றில் அவர் இறந்தார். கனவான்களின் கை அழுக்காயிருக்க முடியுமா என்ற செருக்கு எத்தனை தாய்மாரைப் பலிகொண்டது!

அதே 1847 ஆம் ஆண்டிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்திற்கு வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அமர்ந்து, தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார்; நாளடைவில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். டப்ளின் நகர வைத்தியர் மோன்செல் எழுதிய மகப்பேற்று நூல் அவர் முயற்சியால் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயருடன் 1857 இல் தமிழில் வெளிவந்தது. கருப்பையையும் நச்சுக்கொடியையும் பற்றி மேனாட்டு முறையில் விளக்கும் நூலொன்று ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே நமது மொழியில் அச்சேறியது நாம் பெருமைப்படத்தக்க செய்தியே. எனினும் ஒன்றை மறத்தலாகாது. மூலநூல் 1834 ஆம் ஆண்டினது. ஆகவே கைகழுவும் பாடத்துக்கு, வியன்னாவில் அதனைக் கற்பித்த வடிவில், அதிலே இடமிருந்திருக்க முடியாது. செம்மெல்வைஸின் சொந்த நூல்கூட 1861 இல்தான் வந்தது.

பிரசவச் சுரத்திற் கண்ட கிருமியைச் சங்கிலிபோல் வரைந்து பஸ்தர் பாரிஸ் நகரிலே காட்டிய ஆண்டு 1879. அவ்வாண்டிலேயே கொழும்பிலே சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் வள்ளலின் கொடையால் பிரசவ விடுதி திறக்கப்பட்டது. வடக்கே, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி 1898 இல் தோன்றியது. ஆண் வைத்தியர் முன் வர நாணிய பெண்களுக்கு இது பேருதவியாயிற்று. ஆயினும் மிகப் பலர் வீட்டிலேயே, காற்றுப் புகாத இருண்ட அறையிலே, கொத்திப் பேய்க்கு அஞ்சிக் கதவைச் சார்த்திக்கொண்டு பிள்ளை பெற்றார்கள். அவர்களைத் தேடி யாரேனும் போகவேண்டியிருந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தபின், பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு வீடாகச் செல்லும் முறை படிப்படியாகத் தீவெங்கும் பரவியது.

நிலைமை எத்துணைக் கொடியதாயிருந்தது என்பதை 1935 காட்டும். மலேரியாப் பெருவாரி நாட்டை உலுக்கிய அக்காலத்தில் ஆயிரம் பிறப்புக்கு 26 தாய்மாருக்கு மேல் இறந்தனர்; பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 263 ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. 1946 இல் தாய்மாரின் மரணம் ஆயிரத்துக்கு 15 அளவிலும், 1950 இல் 6 க்குக் குறைவாகவும் இறங்கியது. டி. டி. ரி. மருந்தால் நுளம்பு ஒழிந்ததும், 1936 முதல் பிரசவச் சுரத்துக்குக் கிடைத்த சல்பா மருந்துகளும், பின்வந்த பெனிசிலினும் காரணங்களே. ஆனால் மருந்தும் ஆஸ்பத்திரியும் மட்டும் இதனைச் சாதித்தன என்று சொல்வார்க்கு நான் உடன்படேன். எந்தப் பெண்ணுக்கு மருந்து வேண்டும், எவளை வண்டியேற்றி அனுப்ப வேண்டும் என்று உரிய நேரத்திற் கண்டறிந்து சொன்னவள் படலையைத் திறந்து வந்த மருத்துவிச்சியே. அண்மைய ஆண்டுகளில் இம்மரணம் இலட்சம் பிறப்புக்குப் பெரும்பாலும் 30 ஐ அடுத்து நிற்கின்றது.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர் இன்று கடிஞ்சூல் கொண்ட பெண்ணுக்கு என்ன கூறுவார்? கருவுற்றமை தெரிந்ததும், எட்டு வாரம் நிறையுமுன், குடும்பநல மருத்துவிச்சியிடம் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்வார். இரும்புச்சத்து வில்லைகளைத் தேநீருடன் விழுங்கலாகாது. தேநீர் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். கடுந்தலையிடி, கண்பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குதல், இரத்தப் போக்கு, நீர்க்குடம் உடைதல், சிசுவின் அசைவு குறைதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தலைப்பிரசவம் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீடித்தல் இயல்பு. நோ மெல்லத் தொடங்கும் வேளையில் எழுந்து நடமாடுவது நன்மையே.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துள் முலையூட்டுதல் வேண்டும். சொரானுஸ் வெறுத்த அந்தச் சீம்பாலே சிசுவுக்கு நோயெதிர்க்கும் ஆற்றலைத் தருகின்றது. ஓராண்டு நிறையும் வரை தேன் வேண்டாம், ஆறு மாதம் வரை சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். கடோகன் தடுத்த இரவுப்பால்தான் பால் சுரப்பை நிலைநிறுத்துவது. தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ இடாமல் உலர வைத்தாற் போதும். பெற்ற தாய்க்குச் சரக்குக் கறி வைப்பதை நான் தடுக்கவில்லை. பால்சுறாவும் முருங்கையிலையும் நல்லுணவே. பத்தியமென்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் மறுப்பதே தவறு. துடக்குக் கழியும் 31 ஆம் நாள் வருமுன் காய்ச்சல் கண்டால் அதனைப் பால்கட்டு என்று தாமாகவே முடிவு செய்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற சில நாட்களிற் கண் கலங்குதல் பலருக்கு உண்டு. அது விரைவில் நீங்கும். நீங்காமல் வாரக்கணக்கில் தொடரும் துயரத்தைப் பேயென்றும் பிடிவாதமென்றும் முன்னோர் கொண்டனர். 1987 இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட பத்து வினாக்கள் அதனை நோயென்று கண்டறிய உதவுகின்றன. அவற்றை இன்று தமிழிலும் கேட்கிறார்கள். பத்தாவது வினா, தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்ததுண்டா என்பது. மருத்துவிச்சி அதனைக் கேட்கும் வேளையில் தாயாரும் மாமியாரும் குழந்தையை எடுத்துக்கொண்டு சிறிது நேரம் முற்றத்துக்குப் போயிருத்தல் நன்று.