குடவோலையும் கணக்கோலையும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் இரு சாசனங்கள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல் பொறிக்கப்பெற்றவை அவை. ஊராட்சி பற்றிப் பேசுவோர் யாவரும் இவற்றைப் பெருமையுடன் எடுத்துரைப்பர். அவை கூறுவதென்ன என்பதை நாம் சற்று ஊன்றி நோக்குவோம்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். சிறியோரும் பெரியோரும் கூடிய சபையில், விவரமறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை ஏற்று உரக்க வாசிப்பான். இங்ஙனம் தெரிந்த முப்பதின்மரில் 12 பேர் சம்வற்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாட்கள்.

இதனை வாக்கெடுப்பு என எழுதுவோர் உளர். அது பொருந்தாது. மத்ரஸாவில் ஓதியவர்க்கு இது நன்கு தெரிந்த முறையே. ஃபிக்ஹு நூல்கள் இதனைக் 'குர்ஆ' என்னும். மர்யம் (அலை) அவர்களின் பராமரிப்பை ஏற்பவர் யார் என்பதற்கு எழுதுகோல்களை எறிந்து பார்த்த செய்தியைத் திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம் கூறுகிறது. உரிமையில் ஒத்தவர்க்கிடையே மனத்தாங்கலின்றி ஒருவரைத் தெரிவதே குர்ஆ. தகுதியில்லாதவரை அது தகுதியுடையவராக்காது. ஆகவே குடத்தினும் முக்கியமானது, குடத்துள் எவர் பெயர் புகலாம் என்னும் விதியேயாகும்.

அவ்விதி கடுமையானது. 35 வயதிற்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருத்தலாகாது. யாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று: வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் குடத்துள் புகாது. அவன் மட்டுமன்று, அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன் பெயர்களும் புகா!

ஆயின் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. இது பிராமணர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அங்கு இடம். அவ்வூர் வயலில் உழுதோர்க்கும் பெண்டிர்க்கும் குடத்தில் ஓலையில்லை. அக்கதவைத் திறந்தது பிற்காலச் சட்டமே. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியற்சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும், உழவரும் பெண்டிரும் உட்பட, இன்று கிராம சபையின் உறுப்பினர்; தணிக்கை அறிக்கை அச்சபை முன் வைக்கப்பட வேண்டும். உரிமை விரிந்தது, ஆனால் அங்கு சென்று கணக்கைக் கேட்போர் எத்தனை பேர்?

பிறரைக் கேட்குமுன் நம்மையே கேட்போம். கலந்தாலோசனையின் பெயராலேயே 'அஷ்ஷூரா' என்றோர் அத்தியாயம் பெற்ற சமுதாயம் நாம். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்தம் உடைமைகளைக் குறித்து வைத்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அப்படியிருக்க, நம் மஹல்லாக்களில் பள்ளிவாசல் வரவு செலவு ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் வாசிக்கப்படுகிறதா? கணக்குக் கேட்டவனைக் குழப்பக்காரன் என்று ஒதுக்கும் வழக்கம் எங்கும் இல்லையெனச் சொல்ல முடியுமா?

வக்ஃபுச் சொத்து அமானிதம். அமானிதத்திற்குக் கணக்கு உண்டு. இங்கே தப்பினாலும் மஹ்ஷரில் தப்பாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த விதியை நாம் காகிதத்திலேனும் எழுதி, ஜும்ஆவிற்குப் பின் உரக்க வாசிப்போமாக. அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் அருள்வானாக, ஆமீன்.