ஓடுறதுக்கு முதல் ஒரு றோட்டு வேணும்

எங்கட ஊரில மரதன் எண்டால் 42 கிலோமீற்றர் இல்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கொஞ்ச நாள் முதல், விடியக்காலமை நடக்கிற அஞ்சாறு கிலோமீற்றர் ஓட்டம்தான் எங்களுக்கு மரதன். பள்ளிக்கூட வாசலில தொடங்கி, ரெண்டு சந்தி தாண்டி, ஒரு கோயிலடியால திரும்பி வாறது. திரும்புற இடத்தில ஒரு ரீச்சர் நிண்டு கையில அடையாளம் போட்டு விடுவா, குறுக்கொழுங்கையால வந்து ஏமாத்தக் கூடாதெண்டு. முன்னுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், பக்கத்தில சைக்கிளில கத்திக்கொண்டு வாற கூட்டாளிமார், கேற்றடியில தண்ணி வாளியோட நிக்கிற ஆச்சிமார். பாதிப் பேர் வெறுங்கால்.

"இதெல்லாம் மரதனோ?" எண்டு நக்கலடிக்கிறவையும் இருக்கினம். ஆனால் அந்த 42.195 என்ற கணக்கே ஒரு தற்செயல்தான். 1896 இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மரதன் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். அதை வென்ற ஸ்பிரிடன் லூயிஸ் தண்ணீர் சுமந்து பிழைத்தவர். 1908 இல் லண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரச குடும்பம் இருந்த மேடைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்ததில் தூரம் 26 மைல் 385 யார் ஆனது. 1921 இல் அதையே விதியாக்கினார்கள். ராசா வீட்டு வாசலில இருந்து அளந்த தூரத்தை உலகம் முழுக்க ஓடலாமெண்டால், பள்ளிக்கூடத்து வாசலில இருந்து பிள்ளையார் கோயிலடி வரைக்கும் அளந்ததையும் நான் மரதன் எண்டுதான் சொல்லுவன்.

ரெண்டுக்கும் பொதுவான விசயம் தூரத்தை விடப் பெரிசு. மைதானத்தில நடக்கிற ஓட்டத்துக்கு வேலி இருக்கு. மரதன் சனம் போய்வாற வீதியில நடக்கிறது. அதுக்காக யாரோ ஒருத்தர் வாகனத்தை மறிக்க வேணும், யாரோ ஒருத்தர் 'சரி, ஓடுங்கோ' எண்டு விட வேணும். அதால வீதியோட்டத்தின்ர வரலாற்றை, வீதியில ஆர் கால் வைக்கலாம் எண்ட வரலாறாயும் வாசிக்கலாம் எண்டு நினைக்கிறன்.

நியூயோர்க்கை எடுங்கோ. 1970 இல் அங்கே நடந்த முதல் மரதனில் 127 பேர் ஓடத் தொடங்கி, 55 பேர் முடித்தார்கள். பதிவுக் கட்டணம் 1 டொலர். நகர வீதி கிடைக்கவில்லை. சென்ட்ரல் பார்க் என்ற பூங்காவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். அதை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவரான ஃபிரெட் லெபோ ருமேனியாவில் பிறந்த யூதர், அகதியாக வந்தவர், ஆடைத் தொழில் செய்தவர். அவரும் ஓடி 45 ஆவதாக வந்தார். 55 பேரில 45 ஆவது! 1976 இல் அந்த ஓட்டம் பூங்காவை விட்டு வெளியே வந்து நகரத்தின் ஐந்து பகுதிகளையும் தொட்டது. 2,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். தொடங்கின இடம் வெரசானோ பாலம். அந்தப் பாலத்தில் நடைபாதையே கிடையாது, வாகனங்களுக்கு மட்டும் கட்டினது. ஆண்டில் ஒரு நாள் காலையில் மட்டும் ஆயிரக்கணக்கான சாதாரண சனம் அதில் காலால் போகிறது. கணக்காளர், சமையல்காரர், மாணவர் எல்லாரும். முதலாவதா வாறவரின்ர நேரம் இதில எனக்குப் பெரிசாப் படேல்லை. நடக்கவே ஏலாத பாலத்தில ஓட விட்டாங்கள் எண்டதுதான் பெரிசு. 1979 இல் அங்கே ஓடிய கிறிஸ் பிராஷர் ஊருக்குத் திரும்பி, 1981 மார்ச் 29 இல் லண்டன் மரதனை ஆரம்பித்து வைத்தார். முதலில் வந்த ரெண்டு பேரும் ஆளை ஆள் முந்தாமல் கை கோத்துக்கொண்டு முடித்தார்கள்.

ஆனால் 'எல்லாரும்' எண்டதுக்குள்ள ஆர் ஆர் எண்டது வேற கதை. இந்த இடத்தில எனக்குப் பிடிச்ச ஆள் காதரின் சுவிட்சர். 1967 இல் அவருக்கு வயது 20. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இதழியலும் ஆங்கில இலக்கியமும் படித்தவர், எங்கள மாதிரிக் கலைப்பீடத்து ஆள் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன். கூட ஓடிப் பழக்கினவர் ஆர்னி பிரிக்ஸ். பல்கலைக்கழகத்தில கடிதம் கொண்டுதிரிஞ்ச தபால்காரர், பொஸ்டன் மரதனைப் பல தடவை ஓடினவர். பொம்பிளையளால அந்தத் தூரம் ஏலாது எண்டுதான் அவரும் முதலில சொன்னவர். ஓடிக் காட்டினால் தானே கூட்டிக்கொண்டு போறன் எண்டார். சுவிட்சர் பயிற்சியிலேயே 31 மைல் ஓடிக் காட்டினார்.

1967 ஏப்ரல் 19, பொஸ்டன். விண்ணப்பத்தில் கே. வி. சுவிட்சர் என்று கையெழுத்துப் போட்டிருந்தார், இலக்கம் 261. சில மைல் போனபிறகு போட்டி அதிகாரி ஜொக் செம்பிள் பின்னால் ஓடிவந்து, அந்த இலக்கத் துணியைப் பறிக்கப் பார்த்தார். கூட ஓடிய காதலன் சம்மட்டி எறியும் வீரர், ஒரு இடியில் செம்பிளைத் தள்ளி விட்டார். பத்திரிகைக்காரரின் வாகனம் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் எல்லாம் படமானது. சுவிட்சர் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார். பிறகு அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். முந்தின ஆண்டே பொபி கிப் என்ற பெண் தொடக்க இடத்துக்குப் பக்கத்துப் பற்றைக்குள் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு சேர்ந்து ஓடி முடித்திருந்தார். பொஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்தது 1972 இல், ஒலிம்பிக் மரதன் பெண்களுக்குக் கிடைத்தது 1984 இல்.

பற்றைக்குள்ள ஒளிச்சிருந்து ஓடுறது எண்டதை வாசிக்கேக்க எனக்குச் சிரிப்பு வரேல்லை. விடிய அஞ்சரைக்குப் பரமேஸ்வராச் சந்திப் பக்கம் ஒரு பெட்டை தனிய ஓடிப் பார்க்கட்டும். ரெண்டு மோட்டார் சைக்கிள் வேகம் குறையும். ஒரு ஐயா "பிள்ளை, என்ன அவசரம்?" எண்டு உண்மையாவே பாவப்பட்டுக் கேட்பார். ஓடுறதெண்டால் ஏதோ நடந்துபோச்சு எண்டுதானே அவருக்கு விளங்கும்.

அதுக்கு அவரைக் குறை சொல்லவும் ஏலாது. எங்கட தமிழில 'ஓடுறது' எண்ட சொல்லுக்கு வேற பாரம் இருக்கு. "நீங்கள் எத்தினையாம் ஆண்டு ஓடினனீங்கள்?" எண்டு கேட்டால் ஒருத்தரும் விளையாட்டைப் பற்றிப் பதில் சொல்லாயினம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. இந்தக் குடாநாட்டு வீதியில இதைவிடப் பெரிய கூட்டம் ஒண்டு காலால போனதா நான் அறியேல்லை. அதை 'ஓடினது' எண்டு சொல்லுறம், ஆனால் அந்த நெரிசலில ஆராலையும் ஓட முடியேல்லை. மழைக்குள்ள, அடி மேல் அடி வைச்சு நகர்ந்தவை.

அதுக்குப் பிறகு வந்த ஆண்டுகளில ஓட்டமே சந்தேகத்துக்குரிய விசயம். சென்றியடியில சைக்கிளால இறங்கி உருட்டிக்கொண்டு போக வேணும். ஆமிக் கொன்வோய் வந்தால் சனத்தை மறிச்சு ஓரத்தில விட்டிடுவாங்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி பூட்டப்பட்ட பிறகு குடாநாட்டுக்குத் தரைவழியே இல்லை. இரவில் ஊரடங்கு. 'ஆமியைக் கண்டால் ஓடாத' எண்டது எங்கட அம்மாமார் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்த வீதி ஒழுங்கு.

தெற்கில அந்தக் காலத்திலயும் சித்திரைப் புத்தாண்டு மரதன் நடந்துகொண்டுதான் இருந்தது. 2008 ஏப்ரல் 6, கம்பஹா மாவட்டத்து வெலிவேரிய. புத்தாண்டு மரதனைத் தொடக்கி வைக்க வந்தவர் அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே. அவர் வகித்தது நெடுஞ்சாலைகள், வீதி அபிவிருத்தி அமைச்சு. தொடக்கக் கோட்டடியில் குண்டு வெடித்தது. அமைச்சரோடு பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அரசாங்கம் விடுதலைப் புலிகளைக் குற்றம் சாட்டியது. எங்கட பக்கத்தில இதைக் கதைக்கிறது குறைவு, கதைச்சாலும் அமைச்சரின்ர பெயரோட முடிஞ்சிடும். இறந்தவர்களில் ஒருவர் கே. ஏ. கருணாரத்ன, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இலங்கைக்காக மரதன் ஓடியவர். இன்னொருவர் மெய்வல்லுநர் பயிற்றுநர் லக்ஷ்மன் டி அல்விஸ். வாழ்க்கை முழுக்க றோட்டில ஓடினவரும், மற்றவையை ஓடப் பழக்கினவரும், ஊர்ப் பெடியள் ஓடுறதைப் பார்க்க வந்த இடத்தில செத்துப் போச்சினம். எங்கட பக்கத்து நியாயத்தைக் கதைக்கிறம் எண்டதுக்காக இந்த ரெண்டு பெயரையும் விட்டிட்டு எழுதுறதில எனக்கு உடன்பாடில்லை.

இப்ப எங்களிட்டக் காப்பெற் றோட்டு இருக்கு. ஏ9 திறந்து கிடக்கு. பள்ளிக்கூட மரதன் வழமைபோல நடக்குது. ஆனால் பலாலி வீதிக் கதையைக் கேளுங்கோ. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் 30 ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த வசாவிளான் – பலாலித் துண்டை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். திறக்கும்போதே நிபந்தனைப் பலகையும் வைத்தார்கள்: காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மட்டும், இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது. வாகனத்தில இருந்தபடி உங்கட காணியைப் பார்க்கலாம், அதில கால் படக் கூடாது எண்டதுதான் அப்ப வைச்ச ஒழுங்கு. வெரசானோ பாலத்திலயும் நடக்க ஏலாதுதான், ஆனால் அங்கே கீழே ஆற்றன்ர வளவும் இல்லை.

எனக்கொரு ஆசை. துரையப்பா விளையாட்டரங்கில தொடங்கி, திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் எண்டு பலாலி மட்டும் ஒரு ஓட்டம். அரை மரதனுக்குக் கொஞ்சம் தூரம் குறையும், கடற்கரைப் பக்கம் ஒரு வளைவு எடுத்தால் சரிவரும். மாநகர சபைக்குக் கடிதம் எழுதலாம், பொலிசுக்கு எழுதலாம், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுதலாம். வசாவிளானுக்கு அங்கால ஓடுறதுக்கு ஆரிட்டக் கேக்கிறது எண்டதுதான் இப்ப எங்களுக்குள்ள நடக்கிற வாக்குவாதம்.