ஐந்து காசு ஏலம்

'லெலோங், லெலோங்' என்று சந்தையிலே வணிகர் கூவும் குரலை நம் நாட்டில் கேளாதார் இலர். மலாய் மொழியின் இச்சொல்லும், நாம் வழங்கும் 'ஏலம்' என்னும் சொல்லும் உடன்பிறப்புகள் என்பதைப் பலர் அறியார். இரண்டும் 'லெய்லாவ்' எனும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்தவை. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்களும், தமிழகக் கடற்கரையில் வாணிகம் செய்தவர்களும் அவர்களே அல்லரோ? சொல் ஒன்றாயினும், ஏலம் என்பது எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. வாங்குவோனுக்கு அது ஆதாயம். விற்பவன் கடனாளியாயின் அவனுக்கு அது வாழ்வின் முறிவு. இவ்விரண்டையும் தலைகீழாக மாற்றிக் காட்டிய ஒரு வரலாறு அமெரிக்க நாட்டுப் பண்ணைகளிலே நிகழ்ந்தது. அதனை ஈண்டு ஒரு சிறு கருவியின் துணைகொண்டு காண்போம்.

அக்கருவியை ஆங்கிலேயர் 'ஹே ரேக்' என்பர். நாம் அதனைப் புல்வாரி எனலாம். குளிர்நாட்டு உழவன் கோடையில் புல்லை அறுத்து வயலிலேயே பரப்பி வெயிலில் உலர்த்துவான். உலர்ந்த புல்லை நீண்ட வரிசைகளாக வாரிச் சேர்த்து, வண்டியிலேற்றிக் களஞ்சியத்தில் அடைப்பான். பனி மூடிய மாதங்களில் குதிரைக்கும் பசுவுக்கும் அதுவே உணவு. இயந்திரம் வருமுன் மரப்பல் பொருத்திய கோலினால் குடும்பத்தார் அனைவரும் கூடி வாரினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை இழுக்கும் புல்வாரி பரவியது. உயர்ந்த இரண்டு இரும்புச் சக்கரங்கள், அவற்றினிடையே பிறைபோல் வளைந்த எஃகுப் பற்களின் வரிசை, மேலே ஓட்டுவோன் அமர ஓர் இருக்கை. இவ்வளவே அதன் அமைப்பு. பற்களில் புல் நிறைந்ததும் ஓட்டுவோன் நெம்புகோலை அழுத்துவான், பற்கள் மேலெழும், திரண்ட புல் வரிசையாய் விழும்.

எளிய கருவிதான், ஆயினும் அது இல்லாத பண்ணை தத்தளிக்கும். உலர்ந்த புல்லின்மீது மழை பெய்தால் அதன் சத்துப் போகும். ஈரத்தோடு அடைத்தாலோ உள்ளே வெப்பம் மூண்டு களஞ்சியமே தீப்பற்றும். எனவே, வெயில் உள்ள இரண்டொரு நாளுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நெல் விளைவித்த நம் முன்னோர் கூறிய அறிவுரையை, வெயில் உள்ளபோதே புல்லை உலர்த்திக்கொள் என்று ஆங்கிலேயர் கூறியதன் காரணம் இதுவே. புல்வாரியை இழந்த உழவன் புல்லை இழப்பான். புல்லை இழந்தவன் கால்நடையை இழப்பான். கால்நடையை இழந்தவன் மறு ஆண்டு உழுவது எங்ஙனம்?

இத்தகைய கருவிகள் ஏலக்களத்திற்கு வந்த கதையைக் கூறுமுன், கடன் வந்த கதையைக் கூற வேண்டும். முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவுக்கு உணவு தேவைப்பட்டது. அமெரிக்க அரசு மேலும் விளைவிக்குமாறு உழவர்களைத் தூண்டியது. 1919இல் கோதுமை ஒரு புஷல், அதாவது ஏறத்தாழ 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல் விற்றது. விலை என்றும் நிற்கும் என நம்பிய உழவர்கள் கடன்பட்டு நிலமும் இயந்திரமும் வாங்கினர். 1920க்குப் பின் விலை சரிந்தது. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தபின் நிலை மேலும் கெட்டது. 1932இல் கோதுமை நாற்பது காசுக்கும் கீழிறங்கியது. ஐயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களில் நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை எரிப்பது மலிவென்று அடுப்பிலிட்ட குடும்பங்களும் உண்டு.

ஒரு சிறு கணக்கினால் இத்துன்பத்தை உணரலாம். ஆயிரம் டாலர் கடனை அடைக்க, இரண்டு டாலர் விலையில் 500 புஷல் கோதுமை போதும். நாற்பது காசு விலையிலோ 2,500 புஷல் வேண்டும். உழவன் சோம்பியதில்லை, நிலம் பொய்த்ததுமில்லை. ஆயினும் கடன் ஐந்து மடங்கு கனத்துவிட்டது. ஏட்டில் எழுதிய தொகை மட்டும் மாறவே இல்லை.

கடன் தவணை தவறியதும் வங்கி வழக்கிட்டது. நீதிமன்றம் ஆணையிட, மாவட்ட ஷெரீப் பண்ணைக்கு வந்து நாள் குறித்தார். அந்நாளில் உழவனின் முற்றத்திலே அவனுடைய ஏர், புல்வாரி, வண்டி, குதிரை, பசு, கோழிக்கூண்டு யாவும் வரிசையாய் நிறுத்தப்பட்டன. தன் கையால் தேய்ந்த பிடியையுடைய கருவியை அயலான் தட்டிப் பார்த்து விலை பேசுவதை அவன் மனைவி மக்களோடு நின்று காண வேண்டும். ஏலத்தொகை கடனுக்குப் போதாவிடில் மிச்சக் கடனும் அவன் தலைமேலேயே நிற்கும். தொழிற்கருவியும் போய், கடனும் தீராத நிலை!

இந்நிலையிலேதான் அண்டை அயலார் ஒரு வழி கண்டனர். 1931இல் நெப்ராஸ்காவின் மாடிசன் மாவட்டத்தில் நடந்த ஓர் ஏலத்தை இதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். பெருந்தொகையை எதிர்பார்த்து வங்கி ஏலத்தை நடத்தியது. கூட்டமும் பெரிதாகவே வந்தது. ஆனால், முதற்கேள்வி ஐந்து காசு! அதற்குமேல் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்தடுத்து வந்த பொருள்களுக்கும் அதே கதி. முடிவில் சேர்ந்த மொத்தத் தொகை 5 டாலர் 35 காசு என்பர். வாங்கியவர்கள் பொருள்களை வீட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. உரியவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்றனர்.

செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. நடு மேற்கு மாநிலங்கள் பலவற்றிலும் இத்தகைய 'காசு ஏலங்கள்' நடந்தன. 1932 மே மாதம் ஐயோவாவின் டிமாயின் நகரில் தோன்றிய உழவர் விடுமுறைச் சங்கமும், அதன் தலைவர் மைலோ ரீனோவும் உழவர்களை ஒன்றுதிரட்டினர். ஏலம் என்பது என்ன? போட்டியினால் விலை ஏறும் என்னும் நம்பிக்கையே அதன் உயிர். ஏலம் கூறுவோர் கேட்ட விலைகளுள் மிகுந்ததை ஏற்கக் கடமைப்பட்டவர். அம்மிகுந்த விலையே ஐந்து காசாயின் அவர் என் செய்வார்? சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறாது, வாயை மூடிக்கொள்வதனாலேயே சட்டத்தின் நோக்கத்தை அவர்கள் வென்றனர். புல்வாரியை வாங்கியவன் அதனை விரும்பாதவன் அல்லன். அவன் களத்திலும் ஒன்று தேவைப்பட்டிருக்கலாம். ஐந்து காசுக்கு அது அவனுக்கே சொந்தமுமாகிவிட்டது. ஆயினும் அதனை இழுத்துச் செல்லாமல் விட்டுச் சென்றானே, அங்கேதான் இவ்வரலாற்றின் பெருமை இருக்கிறது.

ஆனால், வரலாற்றை எழுதுவோன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டலாகாது. எல்லா ஏலங்களிலும் அமைதி நிலவவில்லை. வெளியூரிலிருந்து வந்து விலையை உயர்த்த முயன்றவரின் தோளை வலிய கைகள் பற்றின. சில இடங்களில் களஞ்சியத்திலே தூக்குக்கயிறு தொங்கியது. பிறர் அஞ்சுவதற்கென்றே அது தொங்கவிடப்பட்டது. 1933 ஏப்ரல் 27ஆம் நாள் ஐயோவாவின் லெமார்ஸ் ஊரில் இவ்வியக்கம் எல்லை கடந்தது. நிலத்தைப் பறிக்கும் ஆணைகளில் இனிக் கையொப்பமிடேன் என்று சத்தியம் செய்யுமாறு நீதிபதி சார்லஸ் பிராட்லியைக் கூட்டத்தார் வற்புறுத்தினர். அவர் மறுத்தார். நீதிமன்றத்திலிருந்து அவரை இழுத்துச் சென்று, கழுத்தில் கயிறு மாட்டி, உயிருக்கே உலை வைக்க முனைந்தனர். அந்நிலையிலும் அவர் சத்தியம் செய்தாரில்லை. இறுதியில் உயிரோடு விடுவிக்கப்பட்டார். ஆளுநர் கிளைட் ஹெர்ரிங் அப்பகுதியில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார்.

பிராட்லி மறுத்ததும் ஒரு வகையில் மாண்புடையதே. வங்கியில் இருந்த பணம் வங்கியாளருடையது மட்டுமன்று. விதவைகளும் முதியோரும் சேமித்த பணமும் அதிலிருந்தது. அந்நாளில் மூடப்பட்ட சிற்றூர் வங்கிகள் பல. ஆகவே, துன்பம் இருதரப்பிலும் இருந்தது. ஒருவருக்கொருவர் கயிறு காட்டுவதால் அது தீராது. சட்டமே வழிகாட்ட வேண்டும் என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர்.

உணர்ந்தபின் காரியங்கள் விரைந்தன. ஐயோவா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா முதலிய மாநிலங்கள் 1933இல் கடன் பறிமுதலை ஒத்திவைக்கும் சட்டங்களை இயற்றின. இத்தகைய சட்டம் செல்லுமா என்னும் வினா உச்சநீதிமன்றத்தை எட்டியது. மின்னசோட்டாச் சட்டம் செல்லும் என 1934 ஜனவரி 8ஆம் நாள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்று தீர்ப்பளித்தனர். அவ்வழக்கிற்குரிய சொத்து பண்ணையன்று; மினியாபொலிஸ் நகரத்து வீடு ஒன்று. ஆயினும் உழவர்க்கும் அத்தீர்ப்பு அரணாயிற்று. நடுவண் அரசும் 1933 மே மாதத்தில் பண்ணைக் கடன்களைக் குறைந்த வட்டியில் மாற்றித்தரும் சட்டத்தை நிறைவேற்றியது. நொடித்த உழவன் நிலத்திலேயே இருந்து கடனைத் தீர்க்க வகைசெய்த பிரேசியர்-லெம்கே சட்டம் 1934இல் பிறந்து, 1935இல் உச்சநீதிமன்றத்தால் தள்ளப்பட்டு, திருத்தமுற்று அவ்வாண்டே மீண்டும் நிறைவேறி, 1937இல் ஏற்கப்பட்டது. ஐந்து காசுக்குக் கேட்ட குரல் தலைநகர் வரை ஒலித்தது எனலாம்.

அதே பொருளாதார வீழ்ச்சி நம் மண்ணையும் தாக்கியது என்பதை நாம் மறத்தலாகாது. அமெரிக்காவில் மோட்டார் வாகன விற்பனை சுருங்கியதும் மலாயாவில் இரப்பர் விலை சரிந்தது. கூலி குறைந்தது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நெப்ராஸ்கா உழவனிடம் ஏலம் போடுவதற்கேனும் ஒரு புல்வாரி இருந்தது. பால்வெட்டிய நம் பாட்டனிடம் இருந்த கத்தியும் வாளியும்கூடத் தோட்டத்திற்கே உரியவை!

அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், அமெரிக்க உழவர் மீண்டும் கடனில் மூழ்கினர். மீண்டும் முற்றங்களில் ஏலமணி ஒலித்தது. 1985 அக்டோபரில் ஐயோவாவின் ஆளுநர் நெருக்கடி நிலையை அறிவித்து, பண்ணை நிலப் பறிமுதலைத் தடுக்கும் பழைய சட்டத்திற்கு மீண்டும் உயிரூட்டினார். 1986இல் குடும்ப உழவர்க்கெனத் தனி நொடிப்புச் சட்டப்பிரிவே ஏற்பட்டது. முன்னோர் பட்ட பாடு பின்னோர்க்கு வழித்துணையாயிற்று.

இன்றும் அந்நாட்டுச் சிற்றூர்களில் பண்ணை ஏலங்கள் நடக்கின்றன. பழைய புல்வாரி ஒன்றை வாங்க வருவோர் பற்கள் வளைந்துள்ளனவா, சக்கரம் எளிதாகச் சுழல்கிறதா என்று பார்க்கின்றனர். குதிரை இழுத்த காலத்துப் புல்வாரிகள் சில இல்ல முற்றங்களில் அழகுப் பொருளாய், பூச்செடிகளினிடையே துருவேறி நிற்கின்றன. அவற்றுள் எது ஐந்து காசுக்கு விலைபோய், அன்றே உரியவனிடம் திரும்பியதோ, யாரறிவார்? இரும்பு அதனைச் சொல்லாது. வரலாறுதான் சொல்ல வேண்டும்.

மாணவர்களே, விலை என்பது பொருளின் மதிப்பன்று. அது கூடியிருக்கும் மக்களின் மனத்தை அளக்கும் கோல். அயலான் விழும்போது மலிவாய் வாங்கலாம் என்று கை உயர்த்துவதும் மனிதனே. உயர்த்தக்கூடிய கையை மடக்கிக்கொள்வதும் மனிதனே. முன்னதற்குச் சந்தை போதும். பின்னதற்கு ஊர் வேண்டும். ஊரெனும் அவ்வுறவு நம்மிடையே உள்ளதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.