மருமக்கள்தாயம்

ஒருவரின் சொத்தும் பட்டமும் அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல், அவருடைய உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் வாரிசு முறை மருமக்கள்தாயம். மலையாள நாட்டில் மருமக்கத்தாயம், நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி, துளு நாட்டில் அளியசந்தானம் என்று வழங்கியது. கேரளத்தில் நாயர், அம்பலவாசிகள், அரச குடும்பங்கள், வடமலபார்த் தீயர் ஆகியோரும், கண்ணூர்ப் பக்கத்து மாப்பிள முஸ்லிம்களும் இதைப் பின்பற்றினர். நம்பூதிரிகள் மக்கள்தாயக்காரர்கள், அதாவது தந்தைவழி வாரிசு முறையினர். ஆனால் பய்யன்னூர் கிராமத்து நம்பூதிரிகள் மட்டும் விதிவிலக்காக மருமக்கள் பக்கம் நின்றனர்.

இதைப் பெண்ணாட்சி என்று எழுதிவிடுவோர் உண்டு. அது சரியல்ல. வம்சம் பெண் வழியாக எண்ணப்பட்டது, சாவிக்கொத்து ஆண் கையில் இருந்தது.

வெளிநாட்டார் குறிப்புகளில் இபின் பதூதா சொல்வது சுவையானது. 1352இல் சகாராவைக் கடந்து வலாத்தா என்ற ஊரை அடைந்த அவர், அங்கே ஆண்களின் சொத்து சகோதரியின் மகன்களுக்குப் போவதைக் கண்டார். இந்த வழக்கத்தை மலபாரில் அல்லாமல் உலகில் வேறெங்கும் தாம் கண்டதில்லை என்று எழுதிவைத்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசாவும் நாயர்களின் மணமுறையையும் வாரிசு முறையையும் விரிவாக எழுதினார்.

தறவாடு என்பது ஒரு மூதாட்டியின் பெண்வழிச் சந்ததியார் அனைவரும் சேர்ந்த கூட்டுக் குடும்பம். அதன் கிளைக்குத் தாவழி என்று பெயர். ஆண்களில் மூத்தவர் காரணவர், அவருக்கு இளையவர்கள் அனந்திரவர்கள். நிலம், குத்தகை, நெற்களஞ்சியம், வழக்கு எல்லாம் காரணவர் பொறுப்பு. அனந்திரவனுக்குச் சோறும் துணியும் கேட்க உரிமை உண்டு, பங்கு கேட்க உரிமை இல்லை. எல்லாரும் ஒப்பினால்தான் பாகம் பிரிக்கலாம். அத்தனை பேரும் ஒப்புவது எங்கே நடக்கும்? காரணவர் சொத்தை அழிக்கிறார் என்று காட்டி அவரை நீக்கக் கோரி வழக்குப் போடுவதுதான் மிஞ்சிய வழி. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் இந்த விதிகளைத் தீர்ப்பு மேல் தீர்ப்பாக எழுதி இறுக்கின. வழக்கமாக இருந்தபோது கொஞ்சம் நெகிழ்ந்திருக்கக்கூடிய முறை, சட்டமானபின் அசையவில்லை.

திருமணம் இரண்டு கட்டமாக நடந்தது. பெண் பூப்பெய்தும் முன் தாலிகெட்டுக் கல்யாணம். செலவை மிச்சம்பிடிக்க ஒரு தறவாட்டுச் சிறுமியர் பலருக்கும் ஒரே பந்தலில் தாலி கட்டுவார்கள். சடங்கின் முடிவில் ஒரு துணியை இரண்டாகக் கிழித்து மணவாளனுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி கொடுப்பார்கள். அதோடு அவன் தொடர்பு முடிந்தது. அவன் இறந்தால் அவள் தீட்டுக் காக்க வேண்டும், அவ்வளவுதான். பருவமடைந்தபின் அமைவது சம்பந்தம். விளக்கேற்றி வைத்து அதன்முன் ஆண் புடவை கொடுப்பதே அதன் சடங்கு. அதன்பின் அவன் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருவான், காலைப் பலகாரத்துக்கு முன் கிளம்பிவிடுவான். மனைவி தன் தறவாட்டை விட்டு அசைவதில்லை. பிள்ளைகளை வளர்ப்பது அவர்களுடைய அம்மாவன், அதாவது தாய்மாமன்.

இந்த ஏற்பாட்டால் மிகுந்த ஆதாயம் நம்பூதிரிகளுக்கு. நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் மணப்பான். இளையவர்கள் நாயர், அம்பலவாசி வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தாய் வீட்டுப் பிள்ளைகள், எனவே இல்லத்து நிலம் சிதறாது. சோழ சேரப் போர்க் காலத்தில் ஆண்கள் களத்துக்குப் போனதால் இம்முறை உண்டானது என்று வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்சன் பிள்ளை கருதினார். போர் எத்தனையோ நாட்டில் நடந்தது, அங்கெல்லாம் மருமக்கள் வாரிசாகிவிடவில்லை. நிலம் துண்டாகாமல் காப்பதே இதன் வேர்.

திருவிதாங்கூர் அரண்மனையில் அரசரின் மனைவி அரசி அல்ல, அவர் அம்மச்சி. சகோதரியே ராணி. அரசர் பெற்ற மகன்களுக்குத் தம்பி என்றும் மகள்களுக்குத் தங்கச்சி என்றும் பட்டம் மட்டும் உண்டு, அரியணை இல்லை. 1729இல் வேணாட்டு அரசர் ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். அரசரின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமை கோரி எதிர்த்துக் கொல்லப்பட்டனர். தென்குமரி வில்லுப்பாட்டில் அவர்கள் வலியதம்பி, குஞ்சுதம்பி. பெண் வாரிசு இல்லாமல் போனால் வம்சமே நின்றுவிடும் என்பதால் பெண்களைத் தத்தெடுக்க வேண்டியிருந்தது. 1900இல் தத்தெடுக்கப்பட்ட சேது லட்சுமிபாயும் சேது பார்வதிபாயும் ஓவியர் ரவிவர்மாவின் மகள்வழிப் பேத்திகள்.

தமிழரிடையே இம்முறை ஆழ வேரூன்றிய இடம் நாஞ்சில் நாடு, இன்றைய குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீசுவரம் பகுதி. இங்குள்ள வேளாளரில் ஒரு பிரிவினர் மருமக்கள்வழியினர். ஆனால் நாயர் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருந்தது. இங்கே பெண் கணவன் வீட்டுக்கு வாழப் போனாள். மாமியார், நாத்தனார் ஆட்சிக்குள் இருந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். கணவன் கண்ணை மூடியதும் வீடும் வயலும் அவனுடைய மருமகன் கைக்குப் போக, அவள் பிள்ளைகளோடு தெருவில் நின்றாள். நாயர் பெண்ணுக்குத் தன் தறவாடு எப்போதும் இருந்தது. நாஞ்சில் பெண்ணுக்கு இரண்டு முறைகளின் கஷ்டமும் வந்து சேர்ந்தன. தகப்பன் சொத்தில் பிள்ளைகளுக்குச் சிறுபங்காக உகந்துடைமை என்று ஒன்று வழக்கில் இருந்தது. அதைப் பெறுவதற்கும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த அவலத்தையே ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ ஆக்கினார். 1917-18இல் ‘தமிழன்’ இதழில் வெளிவந்த இதில் கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. காப்பியம்போலப் படலம் படலமாகப் பிரித்து, மாமியார் கொடுமைக்கு ‘மாமி அரசியற் படலம்’ என்றும், வழக்காடிச் சொத்தழிந்த கதைக்குக் ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்றும் பெயரிட்டார். அங்கதம் சட்டம் இயற்றாது. ஆனாலும் 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இந்நூல் ஊரில் பரவிக் கிடந்தது.

மலபாரில் கிளர்ச்சி முன்பே தொடங்கியிருந்தது. சம்பந்தத்துக்குச் சட்ட மதிப்பு வேண்டும் என்று சி. சங்கரன் நாயர் முயன்றதையடுத்து, 1891இல் மலபார் திருமண ஆணையம் அமைந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் தி. முத்துசாமி ஐயர் அதன் தலைவர். உறுப்பினர்களில் ஒருவரான ஓ. சந்துமேனன், சம்பந்தமே முறையான மணம்தான், தனிச் சட்டம் எதற்கு என்று மாறுபட்டு எழுதினார். மாதவன் என்ற படித்த அனந்திரவன் தன் காரணவரோடு மோதும் ‘இந்துலேகா’ நாவலை 1889இல் எழுதியவரும் இவரேதான். 1896இல் வந்த சட்டப்படி சம்பந்தத்தைப் பதிவு செய்ய வாய்ப்பிருந்தும், பதிந்தவர் மிகச் சிலர். திருவிதாங்கூரில் 1912, 1925ஆம் ஆண்டு நாயர் சட்டங்களும், சென்னை மாகாணத்தில் 1932ஆம் ஆண்டுச் சட்டமும்தான் தறவாட்டுச் சொத்தைப் பிரிக்கக் கதவைத் திறந்தன.

மலையாள நாட்டுக்கு வெளியேயும் இம்முறை உண்டு. அது தோன்றியதற்குத் துளு நாட்டில் ஒரு கதை சொல்வார்கள். பூதம் நரபலி கேட்டபோது பூதாளபாண்டியனின் மனைவி தன் பிள்ளையைத் தர மறுத்தாள், தங்கை தன் மகனைக் கொடுக்க முன்வந்தாள், அதனால் அரசன் மருமகனையே வாரிசாக்கினான் என்பார்கள். ஈழத்தில் மட்டக்களப்பு, புத்தளம் முக்குவரின் தாய்வழிச் சட்டத்தைக் கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு இன்னும் தாய் வழியாகவே எண்ணப்படுகிறது. லட்சத்தீவு முஸ்லிம்கள் தறவாட்டுச் சொத்தை வெள்ளியாழ்ச்சை என்றும் சுயசம்பாத்தியத்தைத் திங்களாழ்ச்சை என்றும் பிரித்தனர். முன்னது தாய்வழி வழக்கப்படியும், பின்னது இஸ்லாமியச் சட்டப்படியும் போகும். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களும் முஸ்லிம்களே, பூர்வீக நிலம் பெண்வழியில், மேற்பார்வை தாய்மாமனிடம். மேகாலயாவின் காசிகளிடம் கடைசி மகளே வாரிசு.

கேரளக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1975இல் நிறைவேறி, 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் முறை முழுதாக மறைந்துவிடவில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு உரிமை உண்டு என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்தில் தலைமை இப்போதும் மருமகனுக்கே போகிறது.