பால நடிகர் பெட்டி

நெப்போலியன் கடல் கடந்து வந்துவிடுவானோ என்று இங்கிலாந்து அஞ்சிக்கொண்டிருந்த 1804-ம் ஆண்டிலே, லண்டன் ஜனங்கள் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்காகத் தம் நிதானத்தை இழந்தனர் என்றால் நேயர்கள் நம்புவது கடினமே. ஆயினும் அது சரித்திரம்.

வில்லியம் ஹென்றி வெஸ்ட் பெட்டி 1791-ல் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர். 1802-ல் பெல்பாஸ்டில் சிட்டன்ஸ் அம்மையாரின் நடிப்பைக் கண்டவுடன், நடிகனாகாவிடில் இறந்துபோவேன் என்று தந்தையிடம் பிடிவாதம் செய்தார் என்பர். நாடகசாலையில் மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் ஹஃப் என்பவர் ஆசானாக அமைய, மறு ஆண்டு ஆகஸ்டில் அவ்வூரிலேயே அரங்கேற்றம் நடந்தது. டப்ளினும் ஸ்காட்லாந்தும் கொண்டாடின.

1804 டிசம்பர் 1-ம் தேதி காவெண்ட் கார்டன் கொட்டகையில் லண்டன் மக்கள் அவரை முதன்முதல் கண்டனர். நெரிசலில் பலர் மூர்ச்சித்தனர். கூட்டத்தை அடக்கச் சிப்பாய்கள் வரவேண்டியதாயிற்று. சிறுவன் ஹாம்லெட்டாக நடிப்பதைக் காணப் பிரதம மந்திரி பிட் பார்லிமெண்டையே ஒத்திவைத்தார் என்று வழிவழியாக எழுதிவருகின்றனர். டுரூரி லேனில் 28 இரவுகளுக்கு வசூல் 17,000 பவுனுக்கு மேல். தோட்டத்துக் கிராணியாகிய என் கை தானாகவே வகுத்துப் பார்த்தது. இரவொன்றுக்கு 600 பவுனுக்குக் குறையவில்லை. அதில் சிறுவன் பங்கை வாங்கிவைத்தவர் தந்தையார். விளையாட வேண்டிய வயதில் வேந்தனாக வேடமிட்டு உழைத்தவனுக்கு அப்பணத்தின் மதிப்பாவது தெரிந்திருக்குமா?

மோகம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1805-ன் இறுதியில் மூடி என்ற சிறுமியை அதே காவெண்ட் கார்டனில் ஏற்றியபோது, ஜனங்கள் சீறிக் கூச்சலிட்டு அவளை நடிக்கவொட்டாமல் செய்தனர். குழந்தையை மேடையேற்றிய பெரியவர்களைவிட்டு, குழந்தையின்மேலா கோபம் காட்டுவது!  பெட்டிக்கும் கூட்டம் மெல்லக் குறைந்தது. 1808 மார்ச்சில் பாத் நகரில் பாலனாகக் கடைசி முறை நடித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அவருக்கு நலமாயிருக்கும். 1811-ல் தந்தை மறைந்தார். 1812 பிப்ரவரியில், இருபதாம் வயதில், அதே பாத் நகர மேடையில் மீண்டும் தோன்றினார். மகரக்கட்டு உடைந்திருந்தது, உடல் பருத்திருந்தது. அவ்வாண்டு அவரைக் கண்ட பைரன் தம் கடிதமொன்றில் அவ்வுடலை நீர்யானையோடு ஒப்பிட்டு எள்ளினார். பிரபு பட்டமும் கவித்திறமும் ஒருவருக்கு நல்ல மனத்தையும் சேர்த்துத் தருவதில்லை போலும்.

உண்மையில் வளர்ந்த பெட்டி கெட்ட நடிகரா? அவருடன் நடித்த மக்ரெடி, பின்னாளில் தலைசிறந்த நடிகரானவர், அப்படிச் சொல்லவில்லை. பெட்டியிடம் மதிக்கத்தக்க திறமை இருந்ததென்றும், பால்யத்துப் புகழ் குறுக்கே நில்லாவிடில் நல்ல ஸ்தானம் பெற்றிருப்பாரென்றும், சிறுவன்மீது கண்மூடிப் பொழிந்த பக்திக்காக வெட்கிய ஜனங்கள் அவ்வெட்கத்தை வளர்ந்த மனிதன்மேல் தீர்த்துக்கொண்டனரென்றும் கருதினார். விக்கிரகத்தைச் செய்தவனும் தாங்களே, உடைத்தவனும் தாங்களே, பழி கல்லுக்கு! 1814-ல் எட்மண்ட் கீன் டுரூரி லேனில் ஷைலாக்காக நடித்து லண்டனைக் கைப்பற்றினார். வறுமையில் ஊரூராய் அலைந்த அந்த மனிதரை எந்தப் பழைய புகழோடும் ஒப்பிட யாருக்கும் வாய்ப்பில்லை.

பெட்டியோ பெரும்பாலும் வெளியூர் மேடைகளிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் விடாது முயன்றார். 1824 ஆகஸ்டில் சௌதாம்டனில் இறுதியாக விடைபெற்றபோது வயது முப்பத்திரண்டே. மகன் ஹென்றியும் நடிகரானார்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1874 ஆகஸ்டில் லண்டனில் காலமானார். நார்த்கோட், ஓப்பி என்ற ஓவியர்கள் தீட்டிய அவருடைய படங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் நிற்பவன் சிறுவனே.