காணாமற்போகும் பெட்டியின் சரித்திரம்

கல்யாணப் புகைப்படங்களும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழாப் பதிவுகளும், பழைய கிரயப் பத்திரங்களின் நகல்களும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று கருதி, ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சேமிப்புப் பெட்டியை வாங்கி வைப்பது இந்நாளில் பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. என்.ஏ.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்தப் பெட்டி, வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் உழைத்துவிட்டு, ஒரு நாள் விளக்கு எரிந்துகொண்டும் விசிறி சுழன்றுகொண்டும் இருக்கும்போதே கம்ப்யூட்டரின் திரையிலிருந்து மறைந்துபோகிறது. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று வீட்டார் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் டிஸ்க் க்ஷேமமாகவே இருக்கிறது. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே உள்ள நான்கு உடன்படிக்கைகளில், அதாவது கம்பி, முகவரி, பெயர், பாஷை என்னும் நான்கில், ஏதோ ஒன்றுதான் முறிந்திருக்கிறது. இந்த நான்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனிதர்களால், வெவ்வேறு தேவைக்காக ஏற்படுத்தப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அவற்றின் சரித்திரத்தை அறிந்தவனுக்குக் கோளாறு கண்டுபிடிக்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரிதான்.

ஆதியில் இந்தத் தொல்லைக்கே இடமிருக்கவில்லை. 1956-ஆம் வருஷம் ஐ.பி.எம். ஸ்தாபனத்தார் கலிபோர்னியாவிலுள்ள ஸான் ஹோஸே நகரில் உருவாக்கி வெளியிட்ட ராமாக் யந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஓர் அலமாரிக்குள் சுழன்று, சுமார் ஐம்பது லட்சம் எழுத்துக்களை மாத்திரம் சேமித்து வைத்தன. அவ்வளவு பெரிய உருவம் கண்ணுக்கு மறைவதாவது! சேமிப்பும் கணக்கிடும் யந்திரமும் ஒரே அறையில், ஒரே கட்டுக்குள் இருந்தவரையில் 'இணைப்பு அறுந்தது' என்ற புகாரே எழவில்லை. ஒருவருடைய டிஸ்க்கைப் பலர் தூரத்திலிருந்து உபயோகிக்கலாம் என்ற எண்ணம் தோன்றிய பிறகுதான் புகாரும் பிறந்தது.

முதல் உடன்படிக்கை கம்பி. 1973-ஆம் வருஷம் மே மாதத்தில், பாலோ ஆல்ட்டோவிலிருந்த ஸெராக்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து ஈதர்நெட் உருவாகத் தொடங்கியது. அந்த ஏற்பாட்டில் எல்லா யந்திரங்களும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. 1980-களின் பிற்பகுதியில் அலுவலகங்களில் பரவிய மெல்லிய கோஆக்ஸ் கேபிளை நினைவில் வைத்திருப்பவர்கள் அதன் அவஸ்தையை மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் 'டி' வடிவத்தில் ஒரு பித்தளை இணைப்பு. கேபிளின் இரு கோடிகளிலும் ஐம்பது ஓம் தடை கொண்ட ஒரு சிறிய மூடி. யாரோ ஒரு குமாஸ்தா மேஜையை நகர்த்தும்போது நடுவில் ஓர் இணைப்பு கழன்றால் அவருடைய யந்திரம் மட்டுமா நின்றது? அந்த மாடி முழுவதுமே ஸ்தம்பித்துப் போயிற்று. கோளாறு தேட வந்தவர் கேபிளைப் பாதியில் பிரித்து, பிரித்த முனையில் தம் பையிலிருந்த மூடியைத் திருகி, எந்தப் பாதி உயிர்பெறுகிறது என்று பார்ப்பார். பிறகு செத்த பாதியை மறுபடியும் இரண்டாக்குவார். சந்தேகத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும் இந்த முறை, அந்தக் கேபிள் மறைந்த பின்னும் தொழிலில் நிலைத்துவிட்டது. 1990-இல் முறுக்குக் கம்பிக்கான நியமம் வந்து, ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனிக்கம்பி கிடைத்தபோது, இரு முனைகளும் சுமார் 16 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் ஒரு சிறு துடிப்பை அனுப்பி ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடும் கூடவே வந்தது. அந்த விசாரணைக்குப் பதில் கிடைப்பதன் அடையாளமாகவே சொருகுமிடத்தில் விளக்கு எரிந்தது. இன்றைக்கும் முதற் பரிசோதனை அந்த விளக்கைப் பார்ப்பதுதான். அது அணைந்திருந்தால் கேபிளை மாற்றிப் பார்க்கும்வரை வேறு எதையும் தொடவேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது முகவரி. கம்பியில் ஜீவன் இருந்தும் எதிர்ப்பக்கத்து யந்திரம் கேட்கிறதா இல்லையா என்று அறிவதற்கு வெகுகாலம் வரையில் எளிய வழியில்லை. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த மேரிலாந்து ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், 1983 டிசம்பரில் நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொள்வதைக் கண்டு, அன்று மாலையிலேயே உட்கார்ந்து ஒரு சிறு புரோகிராமை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகிறவர்கள் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, அதுவும் ஒரு செய்தியை அனுப்பிப் பதில் திரும்பி வர எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்று அளந்து சொன்னது. 'பிங்' என்ற அந்தப் புரோகிராம் இன்று ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இருக்கிறது. அது செய்யும் உபகாரம் பழைய கோஆக்ஸ்காரரின் மூடி செய்ததேதான்: பதில் வந்தால் கோளாறு மேலே, வராவிட்டால் கீழே.

ஆயினும் எந்த முகவரிக்குப் பிங் செய்வது என்ற கேள்வி நிற்கிறது. ஒவ்வொரு யந்திரத்துக்கும் மனிதர்களே முகவரி எழுதி வைத்த காலம் போய், 1993-இல் டி.எச்.சி.பி. என்னும் முறை ஏற்பட்டது. வீட்டில் ரவுட்டரே முகவரிகளுக்குச் சொந்தக்காரர். பெட்டி அதைத் தவணைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தபின், அல்லது ரவுட்டரை மாற்றியபின், பெட்டிக்கு வேறொரு முகவரி கிடைத்துவிடலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 169.254 என்று தொடங்கும் முகவரி பெட்டியில் காணப்பட்டால், யாரும் முகவரி கொடுக்காததால் அது தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ரவுட்டரின் பட்டியலைத் திறந்து, பெட்டிக்கென்று நிரந்தரமாக ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்த விவகாரம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது பெயர். 1983-இல் ஐ.பி.எம். ஸ்தாபனத்துக்காகத் தயாரான நெட்பயாஸ் என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு யந்திரமும் பதினாறு எழுத்துக்கு மேற்படாத ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அப்பெயரை நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி கூவி அறிவித்தது. பிற்பாடு விண்டோஸ் யந்திரங்கள் தமக்குள் ஒரு தேர்தல் நடத்தி, பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் தலைவரையும் தேர்ந்தெடுத்துக்கொண்டன. தலைவரிடம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆஜர் கொடுக்கவேண்டும். மூன்று தடவை கொடுக்கத் தவறியபின்பே பெயர் நீக்கப்படும். அந்தச் சேதி உதவித் தலைவர்களுக்குப் போய்ச்சேர இன்னும் கால் மணி ஆகலாம். ஆகவே, அணைந்துபோன ஒரு யந்திரத்தின் பெயர் 51 நிமிஷம் வரையில் பட்டியலில் உயிரோடிருக்கக்கூடும். பட்டியலில் தென்படுவது இருப்பதற்குச் சாட்சியமில்லை, தென்படாதது இல்லாமைக்கும் சாட்சியமில்லை என்பதை அந்தக் காலத்து நிர்வாகிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பெயரை நம்பாமல் முகவரி எண்ணையே நேராகத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவர்களிடமிருந்து வந்தது.

நான்காவதும் மிகச் சிக்கலானதும் பாஷை, அதாவது கோப்புகளைக் கேட்டுப் பெறும் முறை. ஸன் கம்பெனியார் 1985-இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ். ஒரு பக்கம்; ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் வகுத்து, மைக்ரோஸாஃப்ட் வளர்த்தெடுத்த எஸ்.எம்.பி. மறுபக்கம். இந்த இரண்டாவது பாஷையின் இலக்கணம் வெளியாருக்குச் சரிவரக் கிடைக்காதிருந்த காலத்தில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கம்பியில் போகும் செய்திகளை ஒவ்வொன்றாகக் கவனித்து, கேள்வி எது, விடை எது என்று ஊகித்து, 1992-இன் ஆரம்பத்தில் தாமே அதே பாஷையில் பதில் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதி இலவசமாக வெளியிட்டார். சாம்பா என்று பின்னர் பெயர் பெற்ற அதுவே, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின்மேல் அமர்ந்து, இன்று வீடுகளிலுள்ள சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை நடத்துகிறது.

பாஷையிலும் பழைய வழக்கு, புதிய வழக்கு உண்டு. 2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற நாசகாரப் புரோகிராம், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் உட்பட உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அந்த முதற்பதிப்பைக் கைவிடும்படி மைக்ரோஸாஃப்டார் முன்பே எச்சரித்து வந்திருந்தார்கள். அவ்வருஷம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய பாஷை படிப்படியாக விலக்கப்பட்டது. பழைய பாஷையை மட்டுமே அறிந்த பெட்டிகள், அது விலக்கப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு முன் ஊமையாயின: விளக்கு எரிந்தது, பிங்குக்குப் பதில் வந்தது, ஆனால் கோப்பு மாத்திரம் திறக்கவில்லை. கையொப்பமிடாத செய்திகளை ஏற்க மறுக்கும் விண்டோஸ் 11 பதிப்பு 2024-இல் வந்தபோதும் சில பெட்டிகளுக்கு இதே கதி நேர்ந்தது. கம்ப்யூட்டரில் பழைய பாஷையைத் திரும்பக் கொண்டுவருவது அந்த ஓட்டையைத் திரும்பத் திறப்பதாகும். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதற்குப் புதுப் பாஷையைக் கற்பிப்பதே சரியான நிவாரணம்.

ஆகவே பரிசோதனையின் கிரமம் இந்த உடன்படிக்கைகள் அடுக்கப்பட்ட கிரமமே: முதலில் விளக்கு, பிறகு முகவரி, அதன்பின் பெயர், கடைசியில் பாஷை. இந்தக் கிரமத்தை மீறி, பதற்றத்தில் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்களுக்கே மெய்யான நஷ்டம் நேர்கிறது. லினக்ஸ் முறையில் எழுதப்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் படிக்க அறியாது. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் சரி என்று சொல்லாதீர்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தாலும், முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். இணைப்பு அறுந்த அன்றைக்கு நிதானமாகக் கோளாறு தேடும் தைரியத்தைத் தருவது அந்தப் பிரதிதான்.